காலிக் கோட்டையா, யாழ்ப்பாணமா? சாப்பாட்டையும் சேத்து யோசிச்சு முடிவு பண்றவங்களுக்கு

இலங்கைக்கு அஞ்சு நாள் லீவு போட்டுப் போறோம், பழைய கோட்டை ஊரு ஒன்னு பாக்கணும், அந்த ஊரு சாப்பாட்டையும் ஒழுங்கா சாப்பிடணும், காலி போறதா யாழ்ப்பாணம் போறதான்னு வீட்டு ஆளுங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டும் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊரு, அதனால ஒரு தடவை முழுசா எழுதிடுறேன். முடிவை மொதல்லயே சொல்லிடலாம். மதிலுக்குள்ளயே தங்கி மதிலுக்குள்ளயே காலையில எந்திரிச்சு நடக்கணும்னா காலி. சாப்பாடுதான் பயணத்துக்கே காரணம்னா யாழ்ப்பாணம், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இந்த ரெண்டு வரிய மட்டும் வெச்சு டிக்கெட் போட்டுடாதீங்க, ஏன்னா காலியிலயும் அருமையான சாப்பாடு இருக்கு, அது கிடைக்கிற இடம் வேற. யாழ்ப்பாணத்துலயும் பெரிய கோட்டை இருக்கு, அது இருக்கிற நிலைமை வேற.

ரெண்டையும் சேத்து அஞ்சு நாள்ல முடிச்சிடலாமேன்னு சிலர் கேப்பாங்க. முடியும், ஆனா வேண்டாம். கொழும்புலருந்து காலி தெக்கால சுமார் 120 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ்வேல போனா ரெண்டு மணி நேரத்துல போயிடலாம், ரயில்ல போனா கொஞ்சம் கூட ஆகும், ஆனா கடலை ஒட்டியே போற பாதை, போகும்போது வலது கைப் பக்கம் ஜன்னல் கிடைச்சா விடாதீங்க. யாழ்ப்பாணம் நேர் எதிர்த் திசையில, வடக்க கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், பஸ்ஸோ ரயிலோ ஒரு முழுப் பகலோ முழு ராத்திரியோ அதுக்கே போயிடும். அஞ்சு நாள்ல ரெண்டு ஊருக்கும் ஓடினா ரெண்டு ஊர்லயும் அவசர அவசரமா ஒரு மத்தியானச் சாப்பாடுதான் மிஞ்சும், அதுக்கு ஒன்ன எடுத்துக்கிட்டு ஒழுங்கா இருந்து பாக்கலாம்.

காலியில என்ன விசேஷம்னா அது இன்னும் ஊரா இருக்கு. 1588ல போர்த்துகீசியர் கட்ட ஆரம்பிச்சாங்க, 1640ல டச்சுக்காரங்க பிடிச்சு பெருசா மதில் எழுப்பினாங்க, 1796ல பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போச்சு, 1988ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. மதிலுக்குள்ள சுமார் 52 ஹெக்டேர், 14 கொத்தளம். இந்த எண்ணெல்லாம் எந்தப் பலகையிலயும் எழுதியிருக்கும், ஆனா அங்க போனா மனசுல நிக்கிறது அது இல்ல, சாயங்காலம் யூனிஃபார்ம் போட்ட பசங்க சைக்கிள்ல வீட்டுக்குப் போறதும், மசூதியிலருந்து பாங்கு கேக்குறதும், ரெண்டு தெரு தள்ளி சர்ச்சும் புத்த விகாரையும் இருக்கிறதும், வாசல்ல உக்காந்து பெரியவங்க பேசிக்கிட்டிருக்கிறதும்தான். உலகத்துல எத்தனையோ கோட்டை டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு வெளிய வர்ற இடமா ஆயிடுச்சு, இங்க தபால் ஆபீஸ் வரைக்கும் எல்லாம் மதிலுக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு, உள்ள போக டிக்கெட்டும் கிடையாது.

மதில் மேல நடக்கிறதுதான் காலியில மொதல் வேலை. ஊருக்குள்ள நுழையுற பக்கம் நட்சத்திரம், சந்திரன், சூரியன்னு மூணு பெரிய கொத்தளம், அங்கருந்து பாத்தா கிரிக்கெட் ஸ்டேடியம் கீழ தெரியும், மேட்ச் நடக்கும்போது மதில் மேல நின்னு சும்மா பாக்குற கூட்டம் பெரிய கூட்டமா இருக்கும். அப்படியே கடலோரமா சுத்தி வந்தா கடைசியில கலங்கரை விளக்கம், இப்ப இருக்கிறது 1939ல கட்டினது, அதுக்கு எதுத்தாப்ல வெள்ளை வெளேர்னு மீரான் ஜும்மா மசூதி, தூரத்துலருந்து பாக்குறப்போ சர்ச்சுன்னுதான் தோணும். பழைய வாசல்ல வெளிப்பக்கம் பிரிட்டிஷ் சின்னம், உள்பக்கம் டச்சு கம்பெனியோட சின்னம், மேல சேவல், ரெண்டு பக்கமும் சிங்கம், 1669ன்னு வருஷம். டச்சுக்காரங்க மண்ணுக்கு அடியில கட்டின சாக்கடைய கடல் அலை ஏறி இறங்கி கழுவி விடுற மாதிரி அமைச்சிருந்தாங்க. 2004 சுனாமி வந்தப்போ வெளிய இருந்த ஸ்டேடியமும் பஸ் ஸ்டாண்டும் அடிச்சுக்கிட்டுப் போச்சு, மதிலுக்குள்ள இருந்த ஊரு பெரும்பாலும் தப்பிச்சுது. பீரங்கிக்காகக் கட்டின மதில் முன்னூறு வருஷத்துக்கு அப்புறம் ஜனங்களக் காப்பாத்துச்சுன்னு நினைக்கும்போது அந்தக் கல்ல ஒரு தடவை தொட்டுப் பாக்கத் தோணும்.

நம்ம ஆளுங்களுக்கு காலியில இன்னொரு விஷயம் உண்டு, நிறைய பேருக்குத் தெரியாது. 1911ல இந்த ஊர்ல ஒரு கல்வெட்டு கிடைச்சுது, சீன கப்பல் தளபதி செங் ஹே வெச்சது, 1409ன்னு தேதி போட்டது, சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழியில. தமிழ்ப் பகுதியில தெனாவரை நாயனாருக்கு, அதாவது தென்கோடியில தெவிநுவரயில இருந்த பெருமாளுக்கு, காணிக்கை கொடுத்ததப் பத்தி எழுதியிருக்கு. போர்த்துகீசியர் வர்றதுக்கு முன்னாடியே தெற்குக் கடற்கரையில வியாபார மொழிகள்ல தமிழும் ஒன்னா இருந்ததுக்கு இதவிடப் பெரிய சாட்சி வேணுமா? கல்லு இப்ப கொழும்பு நேஷனல் மியூசியத்துல இருக்கு, காலி போறவங்க கொழும்புல ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைப் பாத்துட்டுப் போங்க, அப்புறம் காலித் துறைமுகத்தப் பாக்குற பார்வையே மாறிடும். கோட்டைக்குள்ள இருக்கிற முஸ்லிம் குடும்பங்கள்லயும் வீட்டுல தமிழ் பேசுறவங்க இருக்காங்க, நீங்க உங்களுக்குள்ள தமிழ்ல பேசிக்கிட்டுப் போனா சில வாசல்ல அவங்களே பேச்சுக் கொடுப்பாங்க.

சரி, காலியில சாப்பாடு. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கோட்டைக்குள்ள நிறைய பழைய வீடுங்க வெளிநாட்டுக்காரங்க கைக்கும் பணக்காரங்க கைக்கும் போயி ஹோட்டலாவும் கஃபேவாவும் மாறிடுச்சு, அதனால மெனுவும் அவங்களுக்கு ஏத்த மெனுதான், பீட்சா, பர்கர், பாஸ்தா, கூடவே ஒரு பக்கத்துல ரைஸ் அண்ட் கறி, அதுல காரமும் குறைச்சு, விலையும் ஏத்தி. பில்லுல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் தனியா வேற வரும். எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன், நல்லா சமைக்கிற இடமும் உள்ள இருக்கு, பழைய வீட்டு முற்றத்துல உக்காந்து சாப்பிடுறது ஒரு சுகம்தான், ஆனா அந்த ஊரு ஜனங்க மத்தியானம் சாப்பிடுறதச் சாப்பிடணும்னா மதில் வாசலைத் தாண்டி வெளிய வரணும். பஸ் ஸ்டாண்ட் பக்கம், மார்க்கெட் தெருப் பக்கம் சோத்துக் கடைங்க இருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி மண்சட்டி வரிசையா அடுக்கியிருப்பாங்க, சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பொலொஸ்னு சொல்ற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, மல்லுங்னு கீரையும் தேங்காய்ப்பூவும் சேத்து வதக்கினது, கத்தரிக்காய் மோஜு, அப்பளம், மீன். பன்னெண்டு மணிக்குப் போங்க, ரெண்டு மணிக்கு மேல போனா நல்ல சட்டியெல்லாம் காலியாயிருக்கும்.

தெற்குப் பக்கத்துக்குன்னே உள்ள ஒரு மீன் கறி அம்புல் தியல். சூரை மீன கட்டம் கட்டமா வெட்டி, கொறுக்காப்புளியும் மிளகும் அரைச்சுப் பூசி, மண்சட்டியில அடுக்கி தண்ணி வத்துற வரைக்கும் வேக வைக்கிறது, குழம்பே இருக்காது, கறுத்து காஞ்சு இருக்கும். கொறுக்காப்புளின்னா வேற ஒன்னுமில்ல, கன்னியாகுமரிப் பக்கம் மீனுக்குப் போடுற குடம்புளிதான். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல மீன் கெடாம நாலு நாள் இருக்கணும்னு கடலோரத்துக்காரங்க கண்டுபிடிச்ச சமையல், அதனால பண்ணின அன்னிக்கவிட மறுநாள் ருசி கூடும். மொத வாய் புளிப்பு தூக்கலா இருக்கும், சோத்தோட பருப்பையும் சேத்துப் பிசைஞ்சு சாப்பிட்டா அப்புறம் நிறுத்த மனசு வராது. காலி வரைக்கும் போயி இதைச் சாப்பிடாம வர்றதுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன சாப்பாடும் இருக்கு. லம்பிரைஸ், பறங்கியர் (டச்சு, போர்த்துகீசிய வம்சத்துல வந்த இலங்கைக்காரங்க) வீட்டுச் சாப்பாடு, இறைச்சி வேக வெச்ச தண்ணியில வடிச்ச சோறு, கறி, உருண்டையா பொரிச்ச கொத்துக்கறி, கத்தரிக்காய், இறால் சம்பல் எல்லாத்தையும் வாழை இலையில பொட்டலமா மடிச்சு அடுப்புல சுடுறது, பிரிக்கும்போது வர்ற வாழை இலை வாசனைக்கே பாதி வயிறு நிறைஞ்சிடும். பழைய முறையில பண்ணினா ரெண்டு மூணு வகை இறைச்சி கலந்திருக்கும், மாடு பன்னி சாப்பிடாதவங்க கேட்டுக்கிட்டு வாங்குங்க. கொக்கிஸ்னு ஒன்னு விப்பாங்க, நம்ம அச்சு முறுக்குதான் அது. இனிப்புக்கு ரெண்டு விஷயம், முஸ்லிம் வீடுகள்ல பண்ற வட்டிலப்பம், தேங்காய்ப் பாலும் முட்டையும் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு ஆவியில வேக வெச்சது, அப்புறம் எருமைத் தயிரும் கித்துல் பாணியும். தயிர் மண்சட்டியிலயே உறைஞ்சு வரும், காலியிலருந்து மாத்தறைப் பக்கம் போற ரோட்டுல வரிசையா சட்டி கட்டித் தொங்க விட்டிருப்பாங்க. கித்துல்ங்கிறது கூந்தப்பனை, அதோட பதநீரக் காய்ச்சின பாணி கொஞ்சம் புகை வாசனையோட இருக்கும்.

யாழ்ப்பாணம் போனா இந்தக் கூந்தப்பனை இடத்துல பனைமரம் வந்துடும், சாப்பாட்டு மொத்தமும் அதோட சேந்து மாறிடும். ஆனா அதுக்கு முன்னாடி கோட்டையப் பத்தி உள்ளத உள்ளபடி சொல்லணும்.

யாழ்ப்பாணக் கோட்டை பெருசு, இலங்கையில காலிக்கு அடுத்து பெரிய கோட்டை இதுதான்னு சொல்வாங்க. 1619ல யாழ்ப்பாண ராஜ்ஜியத்த போர்த்துகீசியர் பிடிச்சதுக்கு அப்புறம் எழும்பினது, 1658ல டச்சுக்காரங்க பிடிச்சு ஐந்து மூலைக் கோட்டையா, நட்சத்திர வடிவத்துல, பவளக் கல்லும் சுண்ணாம்புமா திருப்பிக் கட்டினாங்க, 1795ல பிரிட்டிஷ். சுத்தி அகழி, ஒரு பக்கம் கடல்நீரேரி. உள்ள டச்சுக்காரங்க 1706ல கட்டின ஒரு பெரிய சர்ச் இருந்துச்சு, போர்க்காலத்துல கோட்டையச் சுத்தி நடந்த சண்டையில அது இடிஞ்சு கற்குவியலாப் போச்சு, இப்பவும் அந்தக் குவியல் அங்கதான் இருக்கு. போருக்கு அப்புறம் மதிலையெல்லாம் சீர் பண்ணியிருக்காங்க, வேலை நல்லாவே பண்ணியிருக்காங்க. ஆனா உள்ள வீடு இல்ல, கடை இல்ல, தெரு இல்ல. எப்பவுமே இது ராணுவமும் அதிகாரிகளும் இருந்த கோட்டைதான், ஜனங்க ஊரு வெளிய இருந்துச்சு, அதனால காலி மாதிரி ஒரு கோட்டை ஊர எதிர்பாத்து வர்றவங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல அங்க வேலை இருக்காது.

அந்த ரெண்டு மணி நேரத்த சாயங்காலம் வெச்சுக்கோங்க. வெயில் இறங்கினதும் உள்ளூர்க் குடும்பங்கள் மதில் மேல வருவாங்க, ஒரு பக்கம் பண்ணைப் பாலம் தண்ணி மேல தீவுகளுக்குப் போறது தெரியும், இன்னொரு பக்கம் பொது நூலகத்தோட வெள்ளைக் கட்டடம். நூலகத்துக்கு நடந்தே போயிடலாம், பாக்காம வராதீங்க. 1981 மே கடைசி ராத்திரி எரிக்கப்பட்டது, 97,000 புத்தகமும் ஓலைச்சுவடியும் சேந்து போச்சு, அதே இடத்துல திரும்பக் கட்டி இன்னிக்கு பிள்ளைங்க உக்காந்து படிக்கிறாங்க. உள்ள சத்தம் போடாம, படிக்கிறவங்கள ஃபோட்டோ எடுக்காம இருங்க. அதே மாதிரி ஊர்ல யாரப் பாத்தாலும் எடுத்த எடுப்புல போரப் பத்திக் கேக்காதீங்க, அவங்களா பேசினா காது கொடுத்துக் கேளுங்க, அது போதும்.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன், யாழ்ப்பாணத்துக்கு நான் ஓட்டுப் போடுறதுக்கு இதுதான் காரணம். யாழ்ப்பாணச் சமையல்னு ஒன்ன தனியா நிறுத்துறது அந்தக் கறித்தூள்தான். மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாத்தையும் நல்லாக் கறுக்க வறுத்து இடிச்சு வெச்சுக்குவாங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. அந்தத் தூளப் போட்டு தேங்காய்ப் பால் விட்டு இறக்குற ஆட்டுக்கறியும் நண்டுக்கறியும் கணவாய்க் கறியும் நம்ம ஊரு எந்தக் குழம்போடயும் ஒத்து வராது, காரம் நேரா வரும், ஆனா பின்னாடியே அந்த வறுத்த வாசனை வந்து நிக்கும். நண்டுக்கறியில இறக்குற நேரம் முருங்கை இலை ஒரு பிடி போடுவாங்க, அதுதான் அழகு. நண்டு அங்கயே கடல்நீரேரியில பிடிக்கிறது, பாசையூர் மீன் சந்தைக்கு விடியக்காலம் போனா நண்டு, இறால், கணவாய், பெரிய பெரிய மீனெல்லாம் ஏலம் போறதப் பாக்கலாம், கொழும்புல நண்டு விலை விசாரிச்சவங்களுக்கு இங்க கேக்குற விலை ஆச்சரியமா இருக்கும்.

காலையிலயும் ராத்திரியும் இடியாப்பம், புட்டு, அப்பம். இடியாப்பத்துக்கு சொதி, மஞ்சள் கலர்ல தண்ணியா, தேங்காய்ப் பால்ல வெங்காயம் பச்சை மிளகாய் போட்டு கடைசியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சது, கூட இடிச்ச சம்பல். நம்ம பக்கம் திருநெல்வேலிச் சொதி காய்கறி போட்டு கெட்டியா கல்யாண மறுநாள் சாப்பாட்டுக்கு வர்றது, இது தினசரிச் சொதி, டம்ளர்ல வாங்கிக் குடிக்கிறவங்களும் உண்டு. புட்ட தேங்காய்ப்பூ நிறைய போட்டு நீத்துப்பெட்டியில, அதாவது பனை ஓலையில பின்னின கூம்புப் பெட்டியில அவிப்பாங்க, மாம்பழ சீசன்ல புட்டும் மாம்பழமும்தான் சாப்பாடு, கறுத்தக்கொழும்பான்னு ஒரு மாம்பழம், பேருதான் கறுப்பு, உள்ள செம்மஞ்சளா அப்படி ஒரு இனிப்பு. ஜூன், ஜூலைல போறவங்களுக்கு அது கிடைக்கும், மத்த மாசத்துல போறவங்க அதுக்குன்னு இன்னொரு தடவை போகணும்.

அப்புறம் கூழ். ஒடியல் கூழ்னா என்னன்னு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன். பனங்கிழங்க பச்சையா கிழிச்சுக் காய வெச்சா ஒடியல், அவிச்சுக் காய வெச்சா புழுக்கொடியல். ஒடியல இடிச்ச மாவ தண்ணியில ஊற வெச்சு அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டி கசப்ப எடுத்துடுவாங்க. ஒரு பெரிய பானையில தண்ணி கொதிக்க வெச்சு, நண்டு, இறால், மீன் தலை, கணவாய், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கை இலை, கொஞ்சம் அரிசின்னு ஒவ்வொன்னா போட்டு, செத்தல் மிளகாய், அதாவது காஞ்ச மிளகாய் அரைச்சதையும் புளியையும் ஒடியல் மாவையும் கரைச்சு விட்டு இறக்குறது. பனை ஓலைய மடிச்சு பிளான்னு ஒரு கிண்ணம் பண்ணி அதுல ஊத்திக் குடிப்பாங்க, சுத்தி எல்லாரும் உக்காந்து, வேர்த்து விறுவிறுத்து, மூக்க உறிஞ்சிக்கிட்டு. கடலும் பனையும் வயலும் ஒரே பானைக்குள்ள வந்து சேர்ற சாப்பாடு இது, யாழ்ப்பாணத்து மண்ண ஒரே வாய்ல புரிஞ்சிக்கணும்னா கூழ்தான் குடிக்கணும்.

ஆனா கடைக்குப் போயி ஒரு பிளேட் கூழ்னு கேட்டா பெரும்பாலும் கிடைக்காது, அது பத்துப் பேருக்கு சேத்து காய்ச்சுற சமாச்சாரம். தங்குற கெஸ்ட் ஹவுஸ்ல முன்கூட்டியே சொல்லி வைக்கணும். நாங்க தங்கின வீட்டு அக்கா சொன்னது, "தம்பி, கூழ் வேணுமெண்டா முதல் நாளே சொல்லோணும், நண்டு காலமையே வாங்கினாத்தான் நல்லாயிருக்கும், ரெண்டு பேருக்கெண்டு காய்ச்சேலாது, பக்கத்து அறையில இருக்கிற ஆக்களையும் கூப்பிடுவம்." அப்படித்தான் அறிமுகமே இல்லாத ஒரு வவுனியாக் குடும்பத்தோட ஒரே பானையச் சுத்தி உக்காந்தோம், சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அவங்க பெரியம்மா எங்களுக்கும் பெரியம்மா ஆயிட்டாங்க.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு எந்த ஊருன்னா, இது நிறைய பேர் தப்பா முடிவு பண்ற இடம். காலி ரைஸ் அண்ட் கறியில காய்கறிதான் கூடுதல், நாலஞ்சு காய்கறிக் கறி வரும், பாத்தா சைவத்துக்கு சொர்க்கம்னு தோணும். ஆனா தேங்காய்ச் சம்பல்லயும் பல காய்கறிக் கறியிலயும் மாசிக்கருவாட்டுத் தூள் போடுறது அங்க வழக்கம், வெஜிடேரியன்னு சொன்னா மட்டும் போதாது, மாசி போடாமன்னு தனியாச் சொல்லணும், சொல்லியும் ஒரு தடவை பாத்துக்கணும். யாழ்ப்பாணத்துல சைவக் கடைன்னா சைவக் கடைதான், அதுல குழப்பமே கிடையாது. சந்தைப் பக்கம் மலாயன் கஃபேன்னு பழைய கடை, மர மேஜை, வாழை இலை, சோறும் கறியும் வடையும் தோசையும், எங்க அம்மா மாதிரி வெளியூர்ல தண்ணி குடிக்கவே யோசிக்கிறவங்களக் கூட்டிக்கிட்டுப் போனாலும் நிம்மதியா சாப்பிட வைக்கலாம். அதனால வயசான சைவக்காரங்க கூட வந்தா யாழ்ப்பாணம்தான்.

இதுலயே இன்னொரு கணக்கும் இருக்கு. நல்லூர்க் கந்தசாமி கோவில் திருவிழா ஆடி ஆவணியில 25 நாள் நடக்கும், அந்த நாள்ல நிறைய வீடுகள்ல மச்சம் மாமிசம் சமைக்க மாட்டாங்க, கடைங்கள்லயும் குறைஞ்சிடும், அறை கிடைக்கிறதும் கஷ்டம். திருவிழாவப் பாக்கப் போறதா இருந்தா அதவிட நல்ல நேரம் கிடையாது, தேரும் கூட்டமும் காவடியும் வாழ்நாள் முழுக்க ஞாபகம் இருக்கும். நண்டுக்கும் கூழுக்கும்னு போறவங்க அந்த நாளத் தவிர்த்துடுங்க. மத்த நாள்ல கோவிலுக்குப் போயிட்டு வெளிய வந்து ரியோங்கிற கடையில ஐஸ்கிரீம் சாப்பிடுறது ஊர் வழக்கம், குடும்பம் குடும்பமா நிப்பாங்க, கலர் கலரா உயரமான கிளாஸ்ல வரும், பசங்களுக்குக் கொண்டாட்டம்.

மழைய வெச்சும் முடிவு பண்ணலாம், சொல்லப்போனா மொதல்ல பாக்க வேண்டியதே அதுதான். காலிக்கு டிசம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல காலம், மே மாசத்துக்கு மேல தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். யாழ்ப்பாணத்துக்கு அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும்தான் மழை, நம்ம ஊரு மாதிரியே. கோடை லீவுல போறவங்களுக்கு யாழ்ப்பாணத்து வெயில் கடுமையா இருக்கும், ஆனா மழை இல்ல. அரைப்பரீட்சை லீவுல போறவங்களுக்கு காலி நல்லது.

போற வழியும் செலவும் பாத்தா, சென்னையிலருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கே நேரா விமானம் இருக்கு, சின்ன விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இறங்கிடலாம், லக்கேஜ் எடைய மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க. நாகப்பட்டினத்துலருந்து யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கிற காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல கப்பலும் ஆரம்பிச்சாங்க, நடுவுல நிக்கும் திரும்ப ஓடும், மழைக்காலத்துல கிடையாது, கிளம்புறதுக்கு முன்னாடி ஓடுதான்னு உறுதி பண்ணிக்கணும். டெல்டாப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அந்தக் கப்பல் பெரிய வசதி. காலிக்கு கொழும்பு போயித்தான் போகணும். தங்குற செலவு காலிக் கோட்டைக்குள்ள நிச்சயமா கூட, டச்சுக் காலத்து வீட்டுல தங்குறதுக்கு அவங்க கேக்குறதக் கொடுக்கணும், கட்டுப்படியாகாதவங்க பக்கத்துல இருக்கிற உனவட்டுனங்கிற கடற்கரை ஊர்ல தங்கிட்டு ஆட்டோவுல வந்து போவாங்க. ஆனா நான் சொல்றது ஒரு ராத்திரியாவது உள்ள தங்குங்க, பகல்ல வர்ற டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் போனதுக்கு அப்புறம் தெருவெல்லாம் அடங்கி, அலைச் சத்தம் மட்டும் வீட்டு ஜன்னல் வரைக்கும் வர்றத காசு கொடுத்தாவது கேக்கணும். அந்தக் காச சாப்பாட்டுல மிச்சம் பிடிக்கலாம், வாசல் தாண்டினா மலிவாவும் நல்லாவும் சாப்பாடு இருக்குன்னுதான் மேல சொன்னேனே.

மூணாவதா திருகோணமலையையும் சிலர் கேக்குறாங்க. அங்க இருக்கிற ஃபிரெட்ரிக் கோட்டை இன்னும் ராணுவம் கையிலதான் இருக்கு, ஆனா அதுக்குள்ள போற ரோட்டுலதான் கோணேசர் கோவிலுக்குப் போகணும், சம்பந்தர் பாடின தலம், வழியில புள்ளிமானெல்லாம் பயமே இல்லாம நடமாடும், கோட்டை வாசல்ல பாண்டியரோட மீன் சின்னம் செதுக்கின கல்லயும் பாக்கலாம், கோவில் நிக்கிற பாறையிலருந்து கடலப் பாத்தா அந்த ஆழமும் நீலமும் வேற எங்கயும் பாத்ததில்ல. கோவிலுக்கும் கடலுக்கும்னா போங்க. சாப்பாட்டுக்குன்னு அங்க போகச் சொல்ல மாட்டேன், மீன் நல்லா இருக்கும், அவ்வளவுதான். மட்டக்களப்புக் கோட்டை சின்னது, வாவியோரம் அழகா இருக்கும், அந்த ஊரு எருமைத் தயிருக்காக மட்டும் வழியில இறங்கலாம்.

இதையெல்லாம் வெச்சுப் பாத்தா, புதுசா கல்யாணமானவங்க, ஃபோட்டோ எடுக்கிறவங்க, பழைய கட்டடத்துல ஆர்வம் உள்ளவங்க, மொதல் தடவையா இலங்கை போறவங்க எல்லாரும் டிசம்பர்லருந்து மார்ச்சுக்குள்ள போறதா இருந்தா காலிக்கே போகலாம், கோட்டைக்குள்ள ரெண்டு ராத்திரி, மத்தியானச் சாப்பாடு தினமும் வெளிய, ஒரு சாயங்காலம் மட்டும் உள்ள ஒரு நல்ல இடத்துல. அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போறவங்க, மொழி தெரியாத இடத்துல தயங்குறவங்க, சமையல் பண்றதுலயும் சாப்பிடுறதுலயும் உண்மையான ஆசை உள்ளவங்களுக்கு யாழ்ப்பாணம். கோட்டை சின்ன பகுதிதான், ஆனா அத ஈடுகட்ட தீவுகள் இருக்கு, பண்ணைப் பாலம் வழியா குறிகட்டுவான் போயி போட் ஏறினா நயினாதீவு நாகபூஷணி அம்மன், இன்னொரு போட்ல நெடுந்தீவு, அங்க ஒரு பாழடைஞ்ச பவளக் கல்லுக் கோட்டையும் காட்டுக் குதிரைகளும் இருக்கு.

எங்க சித்தி குடும்பம் பிப்ரவரியில போறாங்க, ரெண்டு ஊருக்கும் ஏத்த மாசம், சித்தப்பாவுக்கு கடல் மீன்னா உயிரு, சித்தி சைவம், பசங்க ரெண்டு பேருக்கும் கோட்டை வேணும். அவங்களுக்கு நான் யாழ்ப்பாணம்தான் சொல்லியிருக்கேன். இறங்குற அன்னிக்கு சாயங்காலம் கோட்டை மதில், ராத்திரி இடியாப்பமும் சொதியும். மறுநாள் விடியக்காலம் சித்தப்பா பாசையூருக்கு, சித்தி நல்லூருக்கு, மத்தியானம் எல்லாருமா மலாயன் கஃபே. மூணாம் நாள் நெடுந்தீவு, பசங்களுக்கு அங்க இன்னொரு கோட்டை, வழிக்குப் பருத்தித்துறை வடை ரெண்டு பாக்கெட், தட்டையா மொறுமொறுன்னு பல நாள் கெடாம இருக்கும். நாலாம் நாள் மத்தியானம் கூழ், அதுக்கு முந்தின நாள் போட் ஏறுறதுக்கு முன்னாடியே கெஸ்ட் ஹவுஸ்ல சொல்லி வெச்சிடணும், சித்திக்கு மட்டும் மீன் போடாம மரக்கறி மட்டும் போட்டு ஒரு சின்னச் சட்டியில தனியா. கடைசி நாள் சந்தையில பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு (பனம்பழச் சாறு காய வெச்சது), வறுத்த கறித்தூள் வாங்கிக்கிட்டு வரணும், தூள ரெண்டு கவர் போட்டுக் கட்டச் சொல்லுங்க, இல்லன்னா பெட்டியில இருக்கிற துணியெல்லாம் அந்த வாசனைதான்.